லெவீனா படகில் ஏறினாளா

ஹெல்லேய் தீவில் அந்த நாவலை முதலில் படித்து முடித்தவர் தபால்காரர் ஷூர். அவர் படித்து முடித்த மறுநாள் காலை, கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த வெற்றுத்தாளில் அவருடைய அபிப்பிராயம் அவர் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஷூர் பேனாவைத் தொடவில்லை. அது 1964ஆம் வருடம், உருளைக்கிழங்கு தோண்டுகிற வாரம், மழை வழக்கம்போல்தான். நார்வேயின் மேற்குக் கரையில் வருடத்துக்கு இரண்டு முறை சுற்றி வரும் புத்தகப் படகு, அறுபது புத்தகங்கள் அடுக்கிய ஒரு மரப்பெட்டியைப் பெத்ரீனாவின் மளிகைக் கடையில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அதில் ஒன்று 'லெவீனாவின் பெட்டி'. ஊர் ஊராகப் போய் அன்பைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்காத ஆன்டன் என்ற பிரசங்கியாருக்கும் அவர் மனைவி லெவீனாவுக்கும் ஒத்துப்போகாத கதை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசியில் லெவீனா பெட்டியும் கையுமாகப் படகுத்துறையில் நிற்கிறாள், படகு வந்து அணைகிறது, அதோடு கதை முடிந்துவிடுகிறது. ஏறினாளா இல்லையா என்று எழுதியவர் சொல்லவில்லை.

கதை சுமார்தான், பாதியில் தூக்கம் வந்துவிட்டது என்று ஷூர் கடையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். தாளில் இருந்தது வேறு: 'ஏழாவது அத்தியாயத்தில் அழுதேன். கல்யாணம் செய்யாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையில்லை.' அடுத்துப் படித்தது பெத்ரீனா. பாவப் புத்தகம், அடுப்பில் போட வேண்டும் என்று அறிவித்துவிட்டு அதை இரண்டு தடவை படித்தாள். மறுநாள் அவளுடைய உருண்டை எழுத்தில் இப்படி வந்திருந்தது: 'ஆன்டன் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து, கிழங்கு வெந்துவிட்டதா என்று மட்டும் கேட்கிறான். என் புருஷன் பேடெரும் இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் கேட்கிறார்.' பேடெர் அதைப் பார்த்தார், புத்தகத்தை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போனார், நான்கு நாளில் முடித்தார். 'கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்பதுதான் பிரியம் என்று நினைத்திருந்தேன்' என்று அவர் பக்கம் சொன்னது. 'வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியாது.' அந்த வாரக் கடைசியில் அவர் மனைவியிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பெத்ரீனா கேட்டாள். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலி எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று முக்கால் மணி நேரம் சொன்னாள்.

அக்டோபர் முடிவதற்குள் பத்தொன்பது பேர் படித்துவிட்டார்கள். வெற்றுத்தாள் தீர்ந்துபோகுமே என்று யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவர் முடிக்கும்போதும் ஒரு தாள் கூடியிருந்தது. அட்டை பிரிந்துவிடாமல் இருக்க பெத்ரீனா அதைக் கம்பளி நூலால் கட்டி வைத்தாள். தீவு இரண்டாகப் பிரிந்தது. லெவீனா ஏறினாள் என்பவர்கள் ஒரு பக்கம், ஏறவில்லை என்பவர்கள் ஒரு பக்கம். மீன் உப்பிடும் இடத்தில் இந்த இரண்டு கட்சிக்காரர்களும் வெவ்வேறு தொட்டியில் நின்றார்கள். ஜெபவீட்டுக் கமிட்டித் தலைவர் ஆன்ஸ்காரின் மனைவி, தங்கமான மனுஷி என்று பெயர் வாங்கியவள், 'எந்தப் படகாக இருந்தாலும் ஏறியிருப்பேன்' என்ற ஒரே வரியோடு நிறுத்தியிருந்தாள். அன்று மாலையே ஆன்ஸ்கார் கமிட்டியைக் கூட்டினார்.

இத்தனை அமளியிலும் ஒரே ஒருவரின் அபிப்பிராயம் மட்டும் வரவில்லை. இந்தத் தீவுப் பிரசங்கியாரின் மனைவி பெர்கித் அந்தப் புத்தகத்தை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் திருப்பிக் கொடுத்த பிறகு பெத்ரீனா ஒவ்வொரு நாளும் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிரசங்கியாருடைய சம்சாரத்துக்குச் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்று சிலர் சொன்னார்கள். சொல்ல நிறைய இருப்பதால்தான் தாளே பயந்துவிட்டது என்று ஷூர் சொன்னார். உண்மையில் பெர்கித் நூற்று நாற்பதாம் பக்கத்துக்கு மேல் போகவில்லை. அந்தப் பக்கத்தில் லெவீனா தான் கண்ட ஒரு கனவை ஆன்டனிடம் சொல்கிறாள். ஆன்டன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சபைக்கு நடுவில் எடுத்துச் சொல்லி விளக்கம் கொடுக்கிறான். பெர்கித் அங்கேயே மூடிவிட்டு, போய் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டாள்.

பதினாறு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாவது வருடத்தில், இருவருமாக மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தன் புருஷன் தாரால்டிடம் ஒன்றைச் சொல்லியிருந்தாள். சில மாதமாக ஜெபம் செய்யும்போது மறுமுனையில் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை, வயர் அறுந்த டெலிபோனில் பேசுவதுபோல் இருக்கிறது என்றாள். வேறு எவரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. தாரால்ட் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அது அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் அட்வென்ட் காலத்தின் இரண்டாம் ஞாயிறு, ஜெபவீட்டில் அவர் எழுந்து நின்று, என் சொந்த வீட்டிலேயே ஜெபம் என்பது வயர் அறுந்த டெலிபோன் என்று சொல்லும் ஆத்துமா ஒன்று உண்டு என்று ஆரம்பித்தார். எழுபது தலைகளும் அவள் உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. வாரக்கணக்கில் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அவளுக்காக ஜெபித்தார்கள். டெலிபோன் பிரசங்கத்துக்குப் பெயர் பரவி, அந்தக் குளிர்காலம் முழுக்க எட்டுத் தீவுகள் அவரை அதற்காகவே கூப்பிட்டன. வசந்தத்தில் அவர் அதைத் திடீரென்று நிறுத்திவிட்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அவரிடம் ஆடு குட்டி போட்டதையும் கூரை ஒழுகுவதையும் தவிர எதையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வருடத்தில் எட்டு மாதம் அவர் வெளியே. வீட்டில் இருக்கும் நான்கு மாதமும் இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

நவம்பரில் தாரால்ட் ஊர் திரும்பியதும் கமிட்டி அவரிடம் வந்தது. இந்தப் புத்தகம் குடும்பங்களைக் கெடுக்கிறது, வருகிற ஞாயிறு இதைக் கண்டித்துப் பேச வேண்டும் என்றார் ஆன்ஸ்கார். படிக்காததைக் கண்டிக்க முடியாது என்றார் தாரால்ட். படித்தால் அவருடைய அபிப்பிராயமும் வந்துவிடும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கம்பளி நூலை அவிழ்க்காமல் அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வேதத்தைப் படிப்பதுபோலவே, வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துத்தான் அவர் அதைப் படித்தார். சமையலறை மேசையில் அவர் ஒரு பக்கம், காலுறை பின்னிக்கொண்டு பெர்கித் மறுபக்கம். வியாழக்கிழமை மதியம் ஸ்கேல் நகராமல் நின்றது. பெர்கித் எண்ணிக்கொண்டிருந்த கண்ணி தப்பிப்போயிற்று. எந்தப் பக்கம் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையிருக்கவில்லை. தாரால்ட் எழுந்து, தொப்பி போடாமல் மழையில் வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்து முழங்கால்வரை சேற்றோடு வந்து, தலையைத் துவட்டாமல் உட்கார்ந்து மிச்சத்தையும் படித்து முடித்தார்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் அவர் பசுவைக் கறக்கப் போயிருந்தார், எப்போதும் அது அவள் வேலை. பெர்கித் நூலை அவிழ்த்துக் கடைசித் தாளைப் பிரித்தாள். அவருடைய எழுத்து, காற்றுக்கு எதிரே நடக்கிறவன்போல முன்னால் சாய்ந்திருந்தது.

'நூற்று நாற்பதாம் பக்கத்து ஆளை எனக்குத் தெரியும். சபையில் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஆனாலும் இன்னும் எட்டு இடத்தில் சொன்னேன், ஜனங்கள் அழுதார்கள் என்பதற்காக. ஒன்பதாவது ஊரில் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் தெரிந்தே செய்தேன் என்று ஆகிவிடுமே என்று பதினாறு வருடம் தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன். லெவீனா படகில் ஏறினாள். ஏறத்தான் வேண்டும். பெர்கித் ஏன் ஏறவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.'

அவள் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். மறுபடி படித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது; அவருக்குத் தெரியாது என்று நினைத்து அடக்கி வைத்த பதினாறு வருடக் கோபமும் சேர்ந்தே வந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஏதோ இளகியது, தான் கண்டது பிரமை இல்லை, அந்த ஞாயிறு உண்மையாகவே நடந்தது என்று இன்னொருவரும் சாட்சி சொன்னதுபோல. தாரால்ட் பால் வாளியோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"ஞாயித்துக்கிழமை இத கொண்டுபோய் மேசைல வெச்சா ஊரே படிக்கும்." வாளியைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை. "இதுல நீயும் இருக்க. வேணாம்னு நீ சொன்னா இந்தத் தாளக் கிழிச்சு அடுப்புல போட்டுர்றேன். புஸ்தகத்துக்கு என்ன ஆனாலும் சரி."

"அன்னைக்கு என்னக் கேக்கலையே."

"கேக்கல."

"இப்ப மட்டும்?"

"இப்ப கேக்குறேன், பெர்கித். நீ சொல்றதுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் வாளியை வாங்கிக்கொண்டாள். அன்று மதியம்வரை அவள் கை ஓயவில்லை. ஆடுகளைப் பார்த்தாள், பால் வடிகட்டினாள், லெஃப்ஸெ ரொட்டி தேய்த்துச் சுட்டு அடுக்கினாள், தேவைக்கு மூன்று மடங்கு. தாரால்ட் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, ஏற்கெனவே பிளந்த விறகை இன்னும் சின்னதாகப் பிளந்தார். பிற்பகலில் அவள் மாவுக் கையைத் துடைத்துவிட்டு, நாவலை நூற்று நாற்பதாம் பக்கத்தில் பிரித்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். முடித்தபோது ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஜன்னலைத் திறந்து விறகுக் கொட்டகையைப் பார்த்துச் சொன்னாள்:

"கிழிக்க வேணாம். இருக்கட்டும். ஆனா இனிமே நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொன்னா, அது ஒங்களோட நிக்கணும்."

"நிக்கும்" என்றார் தாரால்ட், கோடாலியைப் பிடித்தபடி.

"சரி, உள்ள வாங்க. வெறகெல்லாம் தீக்குச்சி ஆயிப்போச்சு."

சனிக்கிழமை காலை அவளுடைய அபிப்பிராயமும் வந்திருந்தது. 'லெவீனா ஏறவில்லை. பயந்து நின்றுவிட்டாள் என்று எழுதியிருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது வந்து ஒரு வார்த்தை கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் துறைக்குத் திங்களும் வியாழனும் படகு உண்டு. நானாக இருந்தால் அடுத்த வியாழன்வரை பார்ப்பேன். அதற்கு மேல் சொல்ல முடியாது.' தாரால்ட் அதை நின்றுகொண்டே படித்துவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அவள் காப்பி ஊற்றினாள், அவருக்கும் சேர்த்து.

ஞாயிறன்று ஜெபவீட்டில் நிற்க இடமில்லை. தாரால்ட் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். இதைக் கண்டிக்கத் தன்னால் ஆகாது, தன்னுடைய அபிப்பிராயம் உள்ளே இருக்கிறது, வேண்டியவர்கள் படிக்கலாம் என்று சொன்னார். பிறகு மேடையிலிருந்து இறங்கி மூன்றாவது வரிசையில் பெர்கித்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிரசங்கியார் சபையில் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆன்ஸ்கார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை மனதுக்குள் படித்தார். நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, இன்றைக்குப் பாட்டு மட்டும் பாடுவோம் என்றார். பதினொரு பாட்டுப் பாடினார்கள். கூட்டம் கலைந்ததும் அவர் பெத்ரீனாவிடம் மெல்ல வந்து, அந்தப் புத்தகத்துக்கு அடுத்து யார் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, யாரும் இல்லையென்றால் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் தாரால்ட் வெளியூர் அழைப்புகளுக்கு வர இயலாது என்று எழுதிவிட்டு வீட்டிலேயே இருந்தார். முதலில் இருவரும் நாவலைப் பற்றித்தான் பேசினார்கள், ஏனென்றால் ஆன்டன் என்று சொல்வது சுலபமாக இருந்தது. அந்த ஆன்டனுக்கு ஒரு நாள்கூடத் தோன்றியிருக்காதா என்று அவள் கேட்பாள். தோன்றியிருக்கும், வெட்கத்தில் வாய் வந்திருக்காது என்று அவர் சொல்வார். சில நாள் பேச்சு முற்றி அவள் கதவை அறைந்துகொண்டு ஆட்டுக் கொட்டகைக்குப் போனதும் உண்டு. கிறிஸ்துமஸ் ஆட்டிறைச்சி வேகும்போது சண்டை, அது சாப்பிட்டுத் தீர்ந்த பிறகு சமாதானம். பிப்ரவரியில் ஒரு நாள், வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்கையில், அவள் ஆன்டன் என்பதற்குப் பதிலாக நீங்க என்று சொன்னாள். இருவருமே அதைக் கவனித்தார்கள். யாரும் திருத்தவில்லை.

ஏப்ரலில் புத்தகப் படகு வந்தது. அதை நடத்தும் யால்மர், பெத்ரீனா கட்டிக் கொடுத்த நாவலைக் கையில் வாங்கி எடை பார்த்தார், பின்பக்கத்தைப் புரட்டினார், நாற்பத்து மூன்று தாள் கூடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். திருப்பித் தந்ததில் தாமதம் எதுவுமில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. வடக்கே ஒரு தீவில் ஒரு சமையல் புத்தகம் இப்படித்தான், எந்தெந்த வீட்டில் உப்பு அதிகம் என்று தானே எழுத ஆரம்பித்துவிட்டது, அதனால் ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோயிற்று என்றார். இது பரவாயில்லை, நாவல்தானே. முத்திரை குத்தி அடுத்த தீவின் பெட்டியில் வைத்தார்.

பதினான்கு தீவு சுற்றிவிட்டு 'லெவீனாவின் பெட்டி' 1972இல் திரும்ப ஹெல்லேய்க்கு வந்தபோது அதைப் படகிலிருந்து இறக்க ஷூரும் பேடெரும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடை முழுக்க அது பெர்கித் வீட்டில்தான் இருந்தது. மதியச் சாப்பாடு ஆனதும் இருவரும் அதை மேசைமேல் தூக்கி வைத்து, முன்னே பின்னே தெரியாத எழுநூறு பேருடைய அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஆன்டனைக் கல்லைக் கட்டிக் கடலில் போட வேண்டும் என்று ஒரு கலங்கரை விளக்கக்காரரின் மனைவி எழுதியிருந்தாள். அந்தம்மா சொல்வதும் சரிதான் என்றார் தாரால்ட். கல்லெல்லாம் எதற்கு, அந்த ஆளுக்கு நீந்தத் தெரியாது என்று பதினெட்டாம் பக்கத்திலேயே இருக்கிறதே என்றாள் பெர்கித். அவர் நம்பாமல் பதினெட்டாம் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.