நாற்பத்தோரு தடவை செத்தவன்

1

இந்தக் கதையைப் பக்கத்து மேசையிலிருந்து எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாங்காங்கின் குன்டோங்கில் குடிநீர் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் யூக்லான் அக்கா. எந்தப் புட்டி எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று எழுதிவைப்பவர். பதினேழு வருடத்தில் ஒரு புட்டிகூட மாறிப்போனதில்லை. மூன்றேகால் மணிக்கு இருவரும் கீழே கடையில் பால்தேநீரும் அன்னாசி பன்னும் சாப்பிடுவோம். போன மாதம் கடைத் தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. சண்டை நட்சத்திரம் ஒருவர் தானே இயக்கி நடித்த, 1930களின் ரவுடிகளைப் பற்றிய நகைச்சுவைப் படம். தெரு, தேநீர் மாடி, ரிக்‌ஷா வரிசை என்று காசைக் கொட்டி எடுத்தது. அடியாள் ஒருவன் மாடியிலிருந்து விழுந்து செத்தான். கடை முழுக்கச் சிரித்தது. அக்கா பன்னைத் தட்டில் வைத்தார்.

"அந்த ஆளை நாப்பத்தோரு தடவை சாகடிச்சோம்," என்றார்.

2

முதல் தொடக்கம்: "1988இன் குளிர்காலத்தில், ஒரு மாபெரும் கனவு நியூ டெரிட்டரீஸ் வயல்வெளியில்..."

(அடித்துவிட்டேன். அங்கே யாருக்கும் கனவு இருந்ததாக அக்கா சொல்லவில்லை. முதுகுவலி இருந்தது.)

இரண்டாவது: "ஆரஞ்சு விழவில்லை."

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

ஆரஞ்சு விழவில்லை. ஸ்டன்ட் ஆள் பிங்ஃபாய் இரண்டாம் மாடியிலிருந்து பின்பக்கமாக விழ வேண்டும். துணிப்பந்தலைக் கிழித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் மோத வேண்டும். ரிக்‌ஷாவின் கைப்பிடிகள் எகிறிப் பழக்கூடையைத் தட்ட, ஒரே ஒரு ஆரஞ்சு பறந்துபோய் ரவுடித் தலைவரின் தொப்பியில் உட்கார வேண்டும். தலைவராக நடித்தவர் இயக்குநரேதான். எல்லாரும் அவரைப் பெரியண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

ஃபாய் ஒவ்வொரு தடவையும் சரியாக விழுந்தார். ஆரஞ்சுதான் சரியாக விழவில்லை.

(நான் இயற்பியல் படித்தவள். தொப்பியின் அகலம், கூடையின் தூரம் எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டேன். நாற்பத்தொன்று என்பது உண்மையில் குறைவு. அக்காவிடம் சொன்னேன். "ஆரஞ்சு கணக்கைப் போட்டுட்ட. முதுகு கணக்கைப் போட்டியா?" என்றார்.)

3

இந்த இடத்தில் யூக்லானைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவளைத் தைரியசாலி என்று எழுதியிருந்தேன். அப்படி இருக்க முடியாது. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. அந்தப் படத்தில் கன்டினியூட்டி பார்க்கும் வேலை. ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: பொத்தான், காயம், ரத்தக்கறை. தப்பு கண்டால் வாயால் சொல்ல வராது, சீட்டில் எழுதி நீட்டுவாள். ஆனால் தப்பை ஒருநாளும் மறைத்ததில்லை.

முப்பதாவது தடவைக்கு ஃபாய் கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்து மாடி ஏறினார். நாற்பதாவது முடிந்து, சாப்பாட்டு வேளையில் தரையில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"பெரியண்ணே, அந்த ஆரஞ்சுக்கு ஒரு டூப் போடுங்களேன்," என்றார் ஃபாய்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியண்ணனும் சிரித்தார். அவரைக் கெட்டவராக எழுத ஆசைப்பட்டேன். அக்கா விடவில்லை. அந்த வாரம் அவர் காலில் மாவுக்கட்டு. அதன்மேல்தான் முப்பதுகளின் சப்பாத்து. தான் செய்யாததை யாரிடமும் கேட்டதில்லை. அதனால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார்.

ஸ்டன்ட் மாஸ்டர் மட்டும் அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று.

மாடி ஏறும் முன் ஃபாய் அவள்முன் வந்து நின்றார். "லான், நல்லாப் பாரு. ஏதாவது மாறியிருக்கா?"

அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் மாறலண்ணே."

4

நாற்பத்தோராவது தடவை ஆரஞ்சு தொப்பியில் போய் உட்கார்ந்தது.

கைதட்டல். யூக்லான் ஆரஞ்சைப் பார்க்கவில்லை. ரிக்‌ஷாவிலிருந்து தொங்கிய ஃபாயின் இடக்கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் கறுப்பு பிளாஸ்டிக் கடிகாரம். எண்கள் மின்னும் வகை. முப்பதுகளின் பிணத்தின் கையில். சாப்பிடும்போது கட்டியவர் கழற்ற மறந்திருக்கிறார். அதைக் கவனிப்பது அவள் வேலை. அவள் முகத்தைத்தான் பார்த்திருந்தாள்.

பெரியண்ணன் தொப்பியை அசைக்காமல் அவள் பக்கம் திரும்பினார். ஓகே சொல்லும் முன் எப்போதும் கேட்பது. "எல்லாம் சரியா?"

(இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். திரையில் செத்தவருக்கு, ரத்தத்தைத் துடைக்கும் முன் சிவப்பு உறையில் ஒரு சின்னப் பண நோட்டு வைத்துக் கொடுப்பார்கள். வந்த சாவைத் திருப்பி அனுப்புவதற்கு. அந்தக் குழுவில் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: உறை வாங்கியவர் அந்தப் படத்தில் மறுபடி சாகக் கூடாது. அதனால் ஓகே சொல்லும்வரை உறை வெளியே வராது. ஃபாயின் உறை காலையிலிருந்து அவள் குறிப்பேட்டுக்குள் இருந்தது.)

சரி என்றால் பொய். சரியில்லை என்றால் நாற்பத்திரண்டு.

யூக்லான் ஓடினாள். ஃபாயின் இடக்கையில் உறையை வைத்து விரல்களை மடக்கி, சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"ஏய் பொண்ணே, ஓகே சொல்லாம குடுத்துட்டியா?" என்று உதவி இயக்குநர் கத்தினார். "அறிவிருக்கா உனக்கு?"

பெரியண்ணன் அவளைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். தொப்பியிலிருந்து ஆரஞ்சை எடுத்து மெதுவாக உரித்தார்.

"குடுத்தாச்சு. இனி அவன் சாக முடியாது. அடுத்த ஷாட் வைங்க."

கடிகாரத்தை அவர் பார்த்தாரா என்று கேட்டேன். "ஆரஞ்சு உரிக்கிறவங்க எதைப் பாக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அக்கா. அடுத்த படத்துக்கு அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

வெளியீட்டு நாளில் டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி நாலு விநாடி. அரங்கில் ஆயிரம் பேர் ஆரஞ்சைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரம் தெரிந்ததா என்பதை அவர் சொல்லவில்லை. நானும் படத்தை நிறுத்திப் பார்க்கப்போவதில்லை.

5

முடிவுகள்.

அ) ஃபாயும் யூக்லானும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அக்காவுக்குத் தமிழ் தெரியாது. பால்தேநீர் ஆறுவதற்குள் கதையை அவர் மொழியில் சொன்னேன். "அவனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு இருந்தா," என்றார். "அந்த வாட்ச் அவ வாங்கிக் குடுத்தது."

(அடித்துவிட்டேன்.)

ஆ) யூக்லான் சீட்டு எழுதி நீட்டுகிறாள். நாற்பத்திரண்டாவது தடவை பந்தல் கிழிவதற்குள் ஃபாயின் கழுத்து...

இது நன்றாகவே வந்தது. நான் எழுதியதில் நல்ல பக்கம் என்றுகூட நினைத்தேன். சொல்லி முடித்தபோது அக்கா தேநீரைத் தொட்டிருக்கவில்லை. மாடி ஏறிப் போனார்.

மறுநாள் என் மேசையில், புட்டிகளுக்கு நடுவே, சிவப்பு உறை.

"ஃபாய்கிட்ட குடுத்துடு," என்றார். "நேத்து நீ அவனை சாகடிச்சுட்ட. உறை குடுத்தாச்சு. இனிமே உன் கதையில அவன் சாகக் கூடாது."

ஃபாய் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். மினிபஸ் ஓட்டுவதாக யாரோ சொன்னார்களாம். அதுவும் பழைய செய்தி.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். வேறு முடிவு என்னிடம் இல்லை. உறை இங்கே இருக்கிறது. எனக்கு அந்நியரிடம் பேச வராது, அதனால் உங்களிடம் தருகிறேன். மாடிப்படியில் ஒருக்களித்து இறங்கும், அறுபது தாண்டிய ஒருவரை எங்கேனும் பார்த்தால் கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வந்து அக்காவிடம், எப்படி இருந்தாலும், ஒன்றும் மாறவில்லை என்று சொல்லுங்கள்.