தவசீலன் வேனின் படி

மலேசியாவின் மாசாய் நகரில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி வேன் ஓட்டும் தவசீலன், பட்டறையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். போன வருஷம் அங்கேதான் வேனின் இரும்புச் சட்டத்தில் மாட்டிய அலுமினியப் படி, அன்று காலை, தினமும் அவன் வேனில் வேலைக்குப் போகும் யோகேஸ்வரி அக்கா கால் வைத்ததும் உடைந்து விழுந்துவிட்டது. கட்டுப் போட்ட முழங்காலோடு அக்காவும் அவனுக்குப் பரிந்து பேச வந்திருந்தார்.

"இந்தத் தம்பி தங்கமானவன் லா. நீங்கதான் மட்டமான படியப் போட்டு ஏமாத்திட்டீங்க!"

பட்டறைக்காரர் லியாக்கத் அலி குனிந்து பார்த்தார். போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது.

"அலுமினியமும் இரும்பும் நேரா ஒட்டிக்கிட்டா, மழைத்தண்ணி பட்டுப் பட்டு அலுமினியம் அரிச்சுப் போயிடும். அதுக்குத்தான் நடுவுல ரப்பரும், போல்ட்டுக்கு பிளாஸ்டிக் வாஷரும் வச்சேன். அதெல்லாம் எங்க தம்பி?"

படி லேசாக ஆடுகிறது என்று தவசீலன்தான் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போல்ட்டை இறுக்கியிருந்தான்.

"அவரு சும்மா சொல்றாரு, விடாத!" என்று அக்கா அவன் தோளைத் தட்டினார். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இல்லக்கா, நாந்தான் கழட்டினேன்," என்றான் தலையைத் தூக்காமல். "மன்னிச்சிடுங்க பாய்."

லியாக்கத் அலி வேறு படி எடுக்க உள்ளே போனார். திரும்பும் வழியில், எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசி வரும் அக்கா, பின்னால் ஏறி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில் அவரைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.