மூன்றாம் வளைவின் வயிறு

மண்சுவரில் குத்திய கம்பியை வெளியே இழுத்ததும் அதன் நுனியிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டியது. ரசமட்டம் அதை மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோன வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூச்சாடியில் ஒரு மாதம் மாற்றாமல் விட்ட தண்ணீர் எப்படி நாறும், அப்படி.

பதறாதீர்கள். இந்தக் கதையில் யாருக்கும் எலும்பு முறியவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வயிற்றைப் புரட்டும். என்ன செய்வது, நடந்தது அப்படி.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. தரைக்கு ஓடு பதிப்பது அவள் தொழில். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள், "அந்த மூலை அரை விரல் தாழ்ந்திருக்கு" என்பாள். அதனால் சைக்கிள் சங்கத்துக்காரர்கள், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள்: ரசமட்டம். பெயர் ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் குன்றிறங்குகிறவர்களுக்காக அந்தச் சரிவில் மண்பாதை போட்டபோது, வளைவுகளைக் கட்டும் பொறுப்பையும் அவளிடமே விட்டார்கள்.

வளைவு கட்டுவது விளையாட்டல்ல. பாதை திரும்பும் இடத்தில் வெளிப்பக்கமாக மண்ணை உயர்த்தி, கிண்ணத்தின் ஓரம்போல ஒரு சுவர் எழுப்ப வேண்டும். அவர்கள் அதை அணை என்பார்கள். வேகமாக வருகிறவர் அந்த அணையில் சக்கரத்தைச் சாய்த்து, பிரேக்கைத் தொடாமலே திரும்பிப் போய்விடுவார். அதுதான் அதன் சுகம். அந்தச் சுகத்துக்காக வண்டி, ஆள், வேகம் எல்லாவற்றின் பாரத்தையும் அணை தாங்க வேண்டும். புல், வேர், சருகு எதுவும் கலக்காத மண்ணாக எடுத்து, ஒரு சாண் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த சாண். உள்ளே சருகு போனால் அது மக்கும். மக்கினால் இளகும். முன்சக்கரம் புதைந்தால் மேலே இருப்பவர் பறக்க வேண்டியதுதான். மூன்றாம் வளைவுக்கு அந்தப்பக்கம் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன.

அதனால்தான் அவர்களிடையே ஒரு ஏற்பாடு இருந்தது. அணை முடிந்ததும் இரும்புக் கம்பியால் பத்து இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கட்டியவர் குத்தக் கூடாது. அடுத்தவர்தான் குத்த வேண்டும்.

மூன்றாம் வளைவைக் கட்டியது அவளுடைய தம்பி. பெயிண்டர். எல்லோரும் அவனை பாலிஷ் என்பார்கள். விரிசல் விட்ட சுவரில் பட்டி பார்த்து, தேய்த்து, மேலே ஒரு கை பெயிண்ட் அடித்து, வீட்டுக்காரரையே "இது என் வீடுதானா" என்று கேட்க வைத்துவிடுவான். பேச்சும் அப்படித்தான், வழவழவென்று இருக்கும். அக்கா ஒரு குளியலறைத் தரை வேலையில் மாட்டிக்கொண்டிருந்த ஒன்பது நாளில் தனியாளாக அணையை முடித்திருந்தான். மூன்று வாரம் பிடிக்கிற வேலை அது.

அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கம்பியோடுதான் போனாள். மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இழைத்த அணை, வெயிலில் பளபளவென்று நின்றது.

"குத்தாதேக்கா. முகத்துல தழும்பு விழுந்த மாதிரி ஆயிடும்," என்றான் பாலிஷ், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறவனைப்போல.

அவளும் குத்தவில்லை. அழகாக இருந்தது. தம்பி கட்டியது. கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் மழை பெய்தது.

இன்று நான்கு மணிக்குப் பாதை திறப்பு. முதலில் இறங்கப் போகிறவள் அவள் மகள். பத்தொன்பது வயது, பிரேக் என்று ஒன்று வண்டியில் இருப்பதே தெரியாதவள்போல ஓட்டுவாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாமன்.

மழை விட்டதும் மனசு கேட்காமல் மறுபடி கம்பியோடு வந்த ரசமட்டம், இன்னும் நான்கு இடத்தில் குத்தினாள். முதல் ஒரு விரல்கடை கெட்டி. அதற்குப் பிறகு கம்பி தானாகவே உள்ளே போனது. கடைசிக் குத்தில் கம்பியோடு நீலமாக ஒன்று வந்தது. சாக்கின் நார். அதில் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. புல்லையும் சருகையும் சாக்கில் அடைத்து, சாக்கோடு சாக்காக அடுக்கி, மேலே மண்ணை அப்பியிருக்கிறான்.

"டேய், இங்க வா."

பாலிஷ் தேநீர்க் கோப்பையோடு வந்தான். பின்னாலேயே சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மோந்து பாரு."

"மழை பெஞ்சிருக்குக்கா. மண்ணுன்னா கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும்."

"மண்ணுல புழு வைக்குமாடா? சாக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"அது ஒரு இடத்துலதான். ஓரத்துல கொஞ்சம் நிரப்பினேன். நல்ல மண்ணு கீழே ஓடைக்கிட்ட இருக்கு, எத்தனை நடைதான் தூக்குறது? நீயா வந்து தூக்குனே?"

"அஞ்சு இடத்துல குத்தினேன். அஞ்சுலயும் அழுகல்."

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அம்மா, மேலே அறுபது பேர் வந்து நிக்கிறாங்க. இன்னிக்கு ஒருநாள் ஓட்டிடலாம். நாளைக்கு நிதானமா பார்த்துக்கலாமே."

"உங்க கடையில கெட்டுப்போன மருந்தையும் இப்படித்தான் இன்னிக்கு ஒருநாள்னு குடுப்பீங்களா?"

அவர் கைக்குட்டையை எடுக்காமலே வேறு பக்கம் பார்த்தார். தேநீரை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டான் பாலிஷ். அந்த நாற்றத்துக்கு நடுவே நின்று எப்படித்தான் அவனுக்கு இறங்குகிறதோ என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சத்தம் கேட்டு மகள் இறங்கி வந்தாள், தலைக்கவசம் கையில் தொங்க.

"என்னம்மா, மறுபடியும் அரை விரல் தாழ்ந்திருக்கா?"

"நீ இதுல போகக் கூடாது."

"மாமா கட்டினதும்மா. மாமா, இது தாங்கும்தானே?"

"தாங்கும்டா குட்டி. உங்கம்மாவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம்." சிரித்தான். "நான் காலையிலகூட ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்."

"எந்த வேகத்துல?" என்றாள் ரசமட்டம்.

"எல்லா வேகத்துலயும்தான்."

மகள் தாயைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள். "கேட்டியாம்மா? நான் போறேன்."

கத்தினால் இவள் வேண்டுமென்றே போவாள். பெற்றவளுக்கு அது தெரியாதா? கம்பியை மண்ணில் ஊன்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போ. மாமா முன்னாடி ஒரு தடவை போகட்டும். நீ எப்படி வருவியோ அதே மாதிரி. பிரேக் பிடிக்காம, அணை மேலே ஏறி. அவன் போயிட்டான்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். இனிமே இந்தக் கம்பியையும் தொட மாட்டேன்."

"இவ்வளவுதானே!" என்றாள் மகள். "மாமா, போங்க மாமா!"

பாலிஷ் கோப்பையைக் கீழே வைத்தான். வைக்க இடம் தேடுகிறவனைப்போல நெடுநேரம் வைத்தான். "என் வண்டி சரியில்லையே" என்றான். மகள் தன் வண்டியை நீட்டினாள். "தலைக்கவசம் பத்தாது" என்றான். மருந்துக்கடைக்காரரின் தலைக்கவசம் கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குமேல் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினான்.

மேலே கூட்டம் கைதட்டியது. வண்டி இறங்கும் ஓசை கேட்டது. முதல் வளைவு அக்கா கட்டியது. அணையின் பாதி உயரம் ஏறி அழகாகத் திரும்பினான். இரண்டாவதும் அவள் கட்டியதுதான். இன்னும் உயர ஏறி, வேகம் குறையாமல் வந்தான். நன்றாக ஓட்டுவான், அதில் குறை சொல்ல முடியாது. மகள் ஊஊ என்று கூவினாள்.

அவன் அணையில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று ரசமட்டம் அப்போதுதான் நினைத்தாள். அழுகினவன் என்றாலும் உடன்பிறந்தவன். "வேணாம்டா, நிறுத்து" என்று கத்த வாயைத் திறந்தாள்.

அவசியமே இருக்கவில்லை.

மூன்றாம் வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே பிரேக் கிறீச்சிட்டது. வண்டி நடைவேகத்துக்கு இறங்கியது. அணையின் பக்கமே போகாமல் உள்பக்கத்துத் தாழ்வில் ஒட்டி ஒட்டி வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியே திரும்பி, அவர்கள் முன்னால் நின்றான் பாலிஷ்.

ஈரமண்ணில் சக்கரத்தின் தடம் தெளிவாகத் தெரிந்தது. கீழே, உள்ளோரமாக ஒரே கோடு. அக்கா குத்திய ஐந்து துளைகளைத் தவிர அணையில் ஒரு கீறல்கூட இல்லை. வழவழவென்று, அவன் இழைத்தபடியே இருந்தது.

"கை தானா பிரேக்குக்குப் போயிடுச்சு, குட்டி. வயசாச்சுல்ல…"

மகள் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரியும்," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சே, தாங்கும்டான்னு சொன்னீங்க."

அவன் அவள் தலைமேல் கைவைக்க வந்தான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். எச்சில் தட்டிலிருந்து விலகுகிறவர்கள் அப்படித்தான் நகர்வார்கள். ரசமட்டம் அதைப் பார்த்தாள். அழுகின சாக்கைவிட அதுதான் அவளுக்குக் குமட்டியது.

மருந்துக்கடைக்காரர், திறப்பு கிடையாது என்று சொல்ல மேலே ஏறினார். ரசமட்டம் மண்வெட்டியை எடுத்துத் தம்பியின் காலடியில் போட்டாள்.

"தோண்டு. அடி வரைக்கும். ஒரு சாக்கு விடாம."

முதல் வெட்டிலேயே நாற்றம் கிளம்பி மூன்று பேரையும் மூடியது. பாலிஷ் ஓங்கரித்தான், தோண்டினான், மறுபடி ஓங்கரித்தான்.

மகள் தாயிடம் வந்து நின்றாள். "நீ அன்னிக்கே குத்தியிருக்கலாமேம்மா."

"குத்தியிருக்கணும்."

"ஏன் குத்தலை?"

தம்பி என்று சொல்லலாம், அழகாக இருந்தது என்று சொல்லலாம். இரண்டும் அவள் வாயிலேயே கசந்தன. கம்பியின் நுனியைப் புல்லில் நன்றாகத் துடைத்து, மகளிடம் நீட்டினாள்.

"மொத ரெண்டும் நான் கட்டினது. போய்க் குத்து. பத்து இடம், ஆழமா. அம்மாவாச்சேன்னு பாக்காதே."

மகள் கம்பியை வாங்கிக்கொண்டு இரண்டாம் வளைவுக்கு ஏறினாள். பாரம் முழுவதையும் போட்டு அணையில் குத்தினாள். தான் கட்டியதற்குள் என்ன இருக்கிறது என்று தாய்க்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கம்பி வெளியே வருவதற்குள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.