டம்ளரின் பளபளப்பு

"என்னமோ இடிக்குது. வந்து பாத்துச் சொல்லேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் கூப்பிட்டார். வீடியோ கேமுக்குள் அவரே கட்டுகிற வீடு அது. வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ். மிச்ச நேரமெல்லாம் அங்கேதான் கொத்தனார் வேலை. சொந்த வீட்டில் கழன்ற கதவுப்பிடி நாலு மாதமாகத் தொங்குகிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் அந்த வீட்டு அறைக்குள் நடந்தேன். போன வாரம் வரை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெளிறிக் கிடந்தது. இப்போது ஜன்னல் வழியே சாய்வாக வெயில் இறங்கி, சிவப்புத் தரையில் பட்டு, வெள்ளைச் சுவரின் அடிப்பாகம் லேசாகச் சிவந்திருந்தது. மூலை நிழலும் முன்போல மொத்தையாக இல்லை. வெயிலில் தூசி மிதந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம் போலிருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பிற்பகல் மூன்று மணி வெயில். எங்கள் வீட்டில் மேற்கே ஜன்னலே கிடையாது.

"இது யார் வீட்டு வெளிச்சம்?"

"நெட்ல கிடைச்ச போட்டோ" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சந்தேகபுத்தி என்பது ஊரறிந்த விஷயம்; மாமியாரே சொல்லிக் காட்டியிருக்கிறார். ஆனால் இவர் நெட்டிலிருந்து வெளிச்சம் எடுக்கிற ஆளில்லை. பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் உருண்டை இருக்கும். போகிற இடத்தில் அதை மேஜைமேல் வைத்துப் போட்டோ எடுப்பார். சுற்றியுள்ள இடம் முழுக்க உருண்டையில் விழுந்திருக்கும். அந்தப் படத்தைக் கேமுக்குள் போட்டால், அந்த இடத்து வெளிச்சமே அங்கே விழும்; பளபளக்கிற சாமான் எல்லாவற்றிலும் அந்த இடம் தெரியும். உருண்டையில் தானும் விழுந்திருப்பதால், தன்னை மட்டும் கவனமாக அழித்துவிடுவார்.

கேம் அறையின் மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. கிட்டே போனேன். அதில் வளைந்த ஜன்னல், வளைந்த கட்டில். அவரைக் காணோம். கட்டிலுக்குப் பக்கத்தில், காய்வதற்காகத் தரையில் விரித்து வைத்த ஒரு பச்சைக் குடை. ஒரு மடிப்பில் நீலத்துணி ஒட்டு. நான் தைத்த ஒட்டு. போன மாதம் மழையில் பஸ்ஸில் விட்டுவிட்டதாகச் சொன்ன குடை. தன்னை அழிக்கிற மும்முரத்தில் அதை மறந்திருக்கிறார். ஆபீஸ் நேரத்தில், மழை விட்டு வெயில் வருகிற வரை அங்கே இருந்திருக்கிறார்.

கேட்டுவிடலாம். கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும். அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று பயமாக இருந்தது.

"வெளிச்சமெல்லாம் நல்லாதாங்க இருக்கு. அந்த டம்ளர்தான் ரொம்பப் பளபளங்குது."

அவர் குனிந்து டம்ளரைப் பார்த்தார். அதைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தார்.

"ஆமா. கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார்.

மவுஸை மெல்ல நகர்த்தினார். டம்ளரில் ஜன்னல் மங்கியது, கட்டில் மங்கியது. கடைசியில் ஒரு பச்சைக் கறை மட்டும் நின்றது. அது போகிற வரை நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.