வயிற்றில் வெட்டிய முப்பது துண்டுகள்

எனக்கு இந்த வேலையே அலுத்துவிட்டது. தினமும் பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றபடி வந்து, தோல் துண்டுகளை எந்திரத்தில் மாட்டி, எவ்வளவு விசைக்குக் கிழிகிறது என்று எழுதுகிற பிழைப்பு. இந்த மாதம் இன்னொரு தலைவலியும் சேர்ந்தது, மேனேஜர் தபரேஸ் ரூபத்தில்.

"புது டிரம் தோலு, பழைய டிரம் தோலு, எது ஸ்ட்ராங்குன்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க ஜெனிஃபா. பழசு கம்மின்னா மூடிடலாம்."

தோல் பதனிடும் அந்தப் பழைய டிரம்மை மூடினால் அதை ஓட்டுகிற மஹபூப் பாஷாவுக்கு வேலை இல்லை. புது டிரம்மைக் கம்ப்யூட்டரே ஓட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு டிரம்முக்கும் முப்பது தோல், தோலுக்கு ஒரு துண்டு. இரண்டின் சராசரியும் ஒன்றுதான் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அந்த எண்ணத்தைக் கைவிடலாம். புதுசு 83 நியூட்டன், பழசு 71. இரண்டும் உண்மையில் ஒன்றாக இருந்தால், இவ்வளவு வித்தியாசம் வர ஆயிரத்தில் இரண்டு வாய்ப்புதான். எனக்கு ஆச்சரியமே இல்லை. மூன்று வருஷமாகவே பாஷா பாயின் தோல் கம்மிதான், மாதாமாதம் அவரைக் கடிந்துகொள்வதும் நான்தான். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் குடோனில் அந்த அறுபது தோல்களும் அடுக்கியிருந்தன. புது டிரம் தோல்களில் துண்டு வெட்டிய ஓட்டை முதுகுப் பக்கம் இருந்தது. பாஷா பாயின் தோல்களில் வயிற்று ஓரம். முதுகுத் தோல் கெட்டி, வயிற்றுத் தோல் தொளதொள. இது நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும்.

புதுசை வெட்டியது மெஷின் கம்பெனி ஆள் நவீத், விதிமுறைப்படி. பழசை வெட்டியது பாஷா பாயேதான். அவரை வயிற்றில் வெட்டச் சொன்னது யார்? நான். நல்ல முதுகுத் தோலை ஓட்டை போட்டு வீணாக்குகிறேன் என்று மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட எரிச்சலில், "இனிமே வயித்துலயே வெட்டிக் குடுங்க பாய்" என்று மூன்று வருஷத்துக்கு முன் சொல்லிவிட்டு, மறந்தும் போயிருந்தேன். சே, என்ன ஜென்மம் நான்.

பாஷா பாயின் அதே முப்பது தோல்களிலும் முதுகில் வெட்டி மறுபடி கிழித்தேன். சராசரி 82. இரண்டும் வேறு வேறு என்று சொல்ல இப்போது எந்த ஆதாரமும் இல்லை.

தபரேஸ் இரண்டாவது அறிக்கையைப் படித்தார். "காரணத்துல உங்க பேரு வருது. யோசிச்சுக்குங்க."

"வரட்டும் சார்," என்றேன்.

நகலை எடுத்துக்கொண்டு போனேன். பாஷா பாய் டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவர் குழாயை மூடினார்.

"கம்மி கம்மின்னு நீங்க சொல்லச் சொல்ல, வயசாயிடுச்சு, கை போய்டுச்சுன்னு நானே நம்பிட்டேன் மேடம். மூடிடுங்க, நான் நின்னுக்கறேன்னு காலைலதான் முதலாளிகிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

தாளை நீட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இதுல என் தோலு எது மேடம்?"

82-இன்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.