ஓடை தெளிந்த காலை

மூன்று நாள் அடைமழை ஓய்ந்த அன்று காலையில் ஓடை தெளிந்து ஓடியது. கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து துருநிறத்தில் வழியும் அமிலத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, ஆறு வருடமாகச் சுண்ணாம்பு கலந்து ஓடைக்கு அனுப்பி வந்தவள், அதைப் பார்த்து அப்படியே நின்றாள். சுரங்கத் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் பதித்த அளவுத் தகட்டின் மேல் எப்போதும் நாலு விரல் உயரம் தண்ணீர் வழியும். இன்று அரை விரல்கூட இல்லை.

பொக்லைன் ஓட்டும் தம்பி எட்டிப் பார்த்தான். "ஓடை தெளிஞ்சா உனக்குப் பொறுக்காதாக்கா? எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற."

"மூணு நாள் மழைத்தண்ணி எங்கடா போச்சு?"

அவன் சிரிப்பு நின்றது. சுரங்க வாயில் தண்ணீர் வெளியேறும் குழாயைத் துருச்சேறு அடைத்திருந்தது. குழாய்க்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், பாறை இடுக்கு கசியத் தொடங்கியிருந்தது. உள்ளே அதுவரை தண்ணீர் ஏறிவிட்டது. பிய்த்துக்கொண்டு வந்தால் கீழே கரையோரம் நாற்பது வீடு.

இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "ரோடு துண்டிச்சுக் கிடக்கும்மா. நாளைக்கு மத்தியானம் ஆயிடும். நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க."

ஓடையோரத்தில் முதல் வீடு சித்தியுடையது; அடுத்து அவளுக்குப் போன் போட்டாள். "எல்லாரையும் கூட்டிட்டு மேட்டுக்குப் போ சித்தி."

"உனக்கென்ன பித்தாடி? தண்ணி கண்ணாடியாட்டம் ஓடுது. பிள்ளைங்க மீன் பார்த்துட்டு நிக்குது. மீன் வந்துருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ நீதானே?"

போன மாதம்தான் வந்திருந்தன, விரல் நீளத்தில்.

"குத்தித் திறந்து விட்டுடலாம்," என்றான் தம்பி. "ஆனா இவ்வளவு தண்ணிய உன் தொட்டி தாங்காது. நேரா ஓடைக்குத்தான் போகும்."

"மீனு?"

"ஒண்ணும் மிஞ்சாதுக்கா."

பாறைக் கசிவு இப்போது பீச்சியடித்தது.

"பிள்ளைங்களையாவது மேல ஏத்து சித்தி!" என்று போனில் கத்திவிட்டுத் திரும்பினாள். "குத்துடா."

அவன் வண்டியைப் பக்கத்து மேட்டில் நிறுத்தி, அதன் கையில் கட்டிய நீள இரும்புக் கம்பியைக் குழாய்க்குள் விட்டான். ஏழாவது குத்தில் உள்ளே ஏதோ உறுமியது. செங்கல் நிறச் சேறு பீறிட்டு, அளவுத் தகட்டைப் பெயர்த்துக்கொண்டு போனது.

அவள் சுண்ணாம்பு மூட்டையைக் கிழித்து ஓடையில் கொட்டினாள். வெள்ளை ஒரு முழம் போவதற்குள் காணாமல் போனது. இன்னொரு மூட்டை. இன்னொன்று.

"எச்சில் துப்பித் தீயணைக்கிறியாக்கா? விடு!"

போன் அடித்தது. "பாவி, என்னடி பண்ணி வச்ச?" சித்தி அலறினாள். "ஓடையெல்லாம் சிவப்பு. மீனெல்லாம் வயித்தக் காட்டிட்டு மிதக்குது."

"பிள்ளைங்க எங்க?"

"மேட்டுல. நீ கத்தின கத்துல ஏத்திவிட்டேன். எல்லாம் நின்னு அழுவுது."

"தண்ணி உன் வாசப்படிக்கு வந்துச்சா?"

"இல்ல. கரைக்குள்ளதான் போகுது. அதுக்கென்ன இப்ப?"

மேலே பாறையின் பீச்சல் மெலிந்து, கசிவாகிக்கொண்டிருந்தது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மூட்டையின் வாயைக் கிழித்தாள்.