ஆயிரமாவது பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கார் கதவை அடித்துச் சாத்திய வேகத்திலேயே, இன்றைக்கு யாருக்கும் நிம்மதி இருக்கப் போவதில்லை என்று கணவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் பேருந்து ஓட்டுநர். கத்துகிற பயணிகள் எத்தனையோ பேரைச் சமாளித்தவன். கத்தாமல் உட்கார்ந்திருக்கும் மனைவியைச் சமாளிக்கத்தான் இத்தனை வருடமாகியும் அவனுக்குத் தெரியவில்லை.

"அண்ணன் வயசுல பெரியவரு. கொஞ்சம் பாத்துப் பேசு."

"நான் பேசவே போறதில்ல. காட்டப் போறேன்."

பின்சீட்டில் பதினொரு வயது மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவளை அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். ஒரு காலத்தில் ஞாயிறு என்றால் எல்லோருக்கும் முன்னால் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளை அது.

இந்தக் குடும்பத்துக்கு ஜியோகேச்சிங் பைத்தியம் பிடிக்க வைத்தவரே கணவனின் அண்ணன்தான். யாரோ ஒருவர் காட்டில் ஒரு பெட்டியை ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போவார்கள். கடைசிப் பத்தடிக்குப் போன் உதவாது, கண்தான் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதலாம். கிடைக்காவிட்டால், பெட்டியின் இணையப் பக்கத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும். அதில் ஒரு கேவலமும் இல்லை, எல்லோரும்தான் எழுதுகிறார்கள். பெரியப்பா மட்டும் எழுதியதே இல்லை. தனக்குத் தானே 'கழுகுக்கண்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர் எப்படி எழுதுவார்?

மகள் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு பெட்டி ஒளிக்க ஆசைப்பட்டபோது, அம்மா தன் பணிக்கூடத்தையே திறந்துவிட்டாள். அவளுக்குப் பல் செட் செய்கிற வேலை. ஆற்றோரத்தில் மகள் பொறுக்கி வந்த ஒரு கல்லுக்கு, தாடைக்கு அச்சு எடுப்பது போலவே அச்சு எடுத்தாள். ஈறு செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைச் சாம்பல் நிறமாக்கி உள்ளே குடைவாக வார்த்து, கனத்துக்கு இரும்புத் துண்டுகளைப் பதித்து, அடியில் ஒரு மூடி பொருத்தினாள். மூடியின் விளிம்பு தெரியாமல் இழைக்க மட்டும் மூன்று நாள் ஆயிற்று. பல்லுக்கு நிறம் தீட்டும் மெல்லிய தூரிகையால் மகள் அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள். கோடு நடுவில் லேசாக நெளிந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா என்று மகள் கேட்டதற்கு, கல்லில் நேர்கோடு எங்கே இருக்கிறது, அப்படியே விடு என்றாள் அம்மா.

ஒளித்து ஆறே நாளில் பெரியப்பா அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தில் எழுதினார்: 'பெட்டி காணாமல் போய்விட்டது. குழந்தை வைத்ததுதானே, சரியாக வைக்கத் தெரிந்திருக்காது. அடுத்து வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்று நானே புதிதாக ஒன்று வைத்து, அதில் என் பெயரையும் எழுதிவிட்டேன். எனக்கு இது ஆயிரமாவது கண்டுபிடிப்பு!' கீழே இருபத்து மூன்று பேர் வாழ்த்தியிருந்தார்கள். புதிதாக வைத்தது என்ன தெரியுமா? அவருடைய பிரஷர் மாத்திரை வந்த காலி டப்பா. உள்ளே சுருட்டிய ஒரு துண்டுத் தாள்.

அதற்குப் பிறகு போனவர்கள் எல்லோரும் டப்பாவைத்தான் கண்டார்கள். 'சுமாரான பெட்டி.' 'மாத்திரை டப்பா, இதற்கா இவ்வளவு தூரம்?' மகள் ஒவ்வொன்றையும் படித்தாள். பிறகு படிப்பதை விட்டாள். எனக்கு ஒளிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அம்மா அந்தப் பக்கத்தை முழுவதும் படித்தது ஆறு வாரம் கழித்து, போன வெள்ளிக்கிழமைதான். மகள் எழுதியது அப்போதுதான் கண்ணில் பட்டது: 'மன்னிச்சுக்கோங்க பெரியப்பா. தப்பு என்னோடதுதான். புதுசு வச்சதுக்கு நன்றி.' யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அதற்கு மேலே, இரண்டு நாளுக்கு முன் யாரோ எழுதியிருந்ததைப் படித்ததும் எரிச்சல் தலைக்கே ஏறிவிட்டது: 'நெளிந்த வெள்ளைக் கோடு போட்ட சாம்பல் கல்லைத் தூக்குங்கள். டப்பா அதற்கு அடியில்.'

மனுஷன் பெட்டியையே கையில் தூக்கி, அதற்குக் கீழே தன் டப்பாவை ஒளித்துவிட்டுப் போயிருக்கிறார்!

"நாமளே போய் டப்பாவ எடுத்துட்டு வந்துடலாம். அண்ணனுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு," என்றான் கணவன்.

"உங்க பொண்ணு ஆறு வாரமா சங்கடப்படுறாளே, அது உங்க கண்ணுல படல?"

மகளிடம் அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால், 'பெரியப்பா பாவம்மா, விட்டுடுங்க' என்பாள். அப்பனை உரித்து வைத்த பிள்ளை. அதனால் கணவனின் அண்ணனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து காட்டுக்குப் போகலாமா மாமா என்று தேனாகக் கேட்டாள். அவரும் உற்சாகமாகச் சரி என்றார்.

காட்டு வாசலில் அவர் தொப்பியும் ஊன்றுகோலுமாகத் தயாராக நின்றிருந்தார். சரளைப் பாதையில் அரை மணி நேரம் நடந்தார்கள். வழி நெடுக அவர், பெட்டி எங்கே இருக்கும் என்று மரத்தைப் பார்த்தே எப்படிச் சொல்வது என்று பாடம் நடத்திக்கொண்டு வந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கிளை ஒடிந்து சாய்ந்து கிடந்த பெரிய மரத்தின் வேரடிக்கு வந்ததும் நின்றாள்.

"மாமா, நீங்க வச்சத எடுங்களேன். நான் இன்னும் பாக்கவே இல்ல."

அவர் குனிந்து, வேருக்கு நடுவிலிருந்த கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டப்பாவை எடுத்து நீட்டினார். "பாத்தியா? தண்ணி இறங்காது."

"அது கிடக்கட்டும். இப்ப ஓரமா வச்சீங்களே, அந்தக் கல்ல எடுத்து அவகிட்ட குடுங்க."

"கல்லயா? எதுக்கு?"

"குடுங்க மாமா."

மகள் அதற்குள் பார்த்துவிட்டாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அவள் வாய் லேசாகத் திறந்தது. யாரும் கொடுக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. மண்டியிட்டுக் கல்லை மடியில் கவிழ்த்து, அடி மூடியை நகத்தால் நெம்பினாள். உள்ளே நோட்டு, குட்டிப் பென்சில், மாற்றிக்கொள்வதற்காக அவள் போட்டு வைத்திருந்த மூன்று பொம்மைகள். எதுவும் நனையவில்லை. நோட்டைப் புரட்டினாள். ஒரு பெயர்கூட இல்லை.

"இங்கயேதான் இருந்திருக்கு," என்றாள் மகள்.

பெரியப்பாவின் முகம் சிவந்தது. பிறகு அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அடேங்கப்பா, என்னையே ஏமாத்திட்டியே. அன்னிக்குப் பத்துப் பேரு வாசல்ல காத்துக்கிட்டிருந்தாங்கம்மா. ஆயிரமாவதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒரு மணி நேரம் தேடினேன். வெறுங்கையோட எப்படித் திரும்பறது?"

"அதுக்குக் குழந்தைக்கு வைக்கத் தெரியலன்னு எழுதுவீங்களா?" என்றாள் அவள். பேசப் போவதில்லை என்று சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. "உங்க பேரு கெடக் கூடாதுன்னு அவ பேரக் கெடுத்தீங்க. அவ உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாளே, அதப் படிச்சீங்கதானே? படிச்சிட்டு ரெண்டு வேளை சாப்பிட்டுத் தூங்கினீங்கதானே?"

அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். "சரி, சரி. இப்ப கிடைச்சிடுச்சுல்ல. நோட்டக் குடு வாண்டு. முதல் பேரா பெரியப்பா பேர எழுதிடறேன். கணக்குச் சரியாயிடும்."

மகள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க கண்டுபிடிக்கலையே பெரியப்பா. அம்மாதான் காட்டினாங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். எப்போது சிக்கினாலும் அப்படித்தான் பார்ப்பார், தம்பியும் எப்போதும் ஏதாவது சொல்லிக் காப்பாற்றிவிடுவான். இந்த முறை அவன் மகள் மடியிலிருந்த திறந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"நெட்டுல, அந்தப் பெட்டியோட பக்கத்துல எழுதுங்கண்ணே. என்ன நடந்துச்சோ அத எழுதுங்க."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருடம்! சந்தோஷப்படுவதா, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று சண்டை பிடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியப்பா சாய்ந்து கிடந்த அந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனில் தட்டினார். நேரம் பிடித்தது. முடித்ததும் மகளிடம் நீட்டினார். அவள் வாய்விட்டுப் படித்தாள்: "பெட்டி இங்கேயேதான் இருந்திருக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை."

"போதுமா?" என்றார் அவர்.

மகள் இன்னொரு முறை மனசுக்குள் படித்தாள். போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் நல்லா ஒளிச்சிருந்தேன்னும் எழுதுங்க," என்றாள். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.